ஹாம்பிள்டன் கிராம கிரிக்கெட் கிளப் ஏன் மைதானம் மாறியது?

கேள்வி: இங்கிலாந்தின் ஹாம்பிள்டன் கிரிக்கெட் கிளப் 18-ஆம் நூற்றாண்டில் பிராட்ஹாஃப்பென்னி டவுனில்தானே ('டவுன்' என்றால் இங்கே ஊர் இல்லை, புல்மேடு) ஆடியது? இப்போதைய ஆட்டங்கள் ரிட்ஜ் மெடோவில் நடக்கின்றன. எப்போது மாறினார்கள்?

பதில் 1: மாறியது ஒரு தடவை இல்லை. பிராட்ஹாஃப்பென்னி மேட்டு நிலம், காற்று பிடுங்கி எடுக்கும். ஊரிலிருந்து நடையும் அதிகம். பெரிய மனிதர்கள் முணுமுணுத்ததால் 1782 வாக்கில் விண்ட்மில் டவுனுக்குப் போனார்கள். ரிட்ஜ் மெடோ அப்புறம் வந்தது.

நான் பிராட்ஹாஃப்பென்னிக்குப் போனபோது மைதானத்தைவிட எதிரே இருக்கும் 'பேட் அண்ட் பால்' மதுக்கடை வாசலில்தான் அதிக நேரம் நின்றேன். அந்தக் காலத்து கிளப் கேப்டன் ரிச்சர்ட் நைரன் அந்தக் கடையை நடத்தியவர். டாஸ் போடுபவரே சோறும் பீரும் போடுபவர்! சாலைக்கு மைதானப் பக்கம் 1908-இல் வைத்த கருங்கல் நினைவுச் சின்னம்.

பதில் 2: 1777-இல் ஹாம்பிள்டன் அணி இங்கிலாந்து அணியை இன்னிங்ஸ், 168 ரன் வித்தியாசத்தில் அடித்தது இங்கேதானே?

பதில் 1: அணி இதுதான், இடம் வேறு. அது கென்ட் பகுதியில் உள்ள செவனோக்ஸில். ஹாம்பிள்டனின் ஜேம்ஸ் அயில்வர்ட் 167 எடுத்தார், அதுவும் புதன் மாலை தொடங்கி வெள்ளி பிற்பகல் வரை நின்று. கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் கீழிருந்து வீசும் பந்துதானே என்று சிரிக்காதீர்கள். அந்தக் காலத்து ஆடுகளத்தில் புல்லை மேய்ந்தது ஆடுகள்; பந்து எப்படி எழும் என்று சொல்ல முடியாது.

கேள்வி கேட்டவர்: சரி, அப்படியானால் முதலில் மதுக்கடைக்கே போகிறேன்.