புதுப்பிப்பு: காரைக்குடி வீட்டு அலமாரிக்கு ரோலர் மாற்றியாச்சு

ஸ்லைடிங் கதவு பாதியில் சிக்குகிறது, எந்த ரோலர் (கதவை நகர்த்தும் சக்கரம்) வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். எடையைப் பாருங்கள் என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி, கோளாறு அங்கேதான். கதவு 7 அடிக்கு 3 அடி. ஒட்டியிருக்கும் 4 மி.மீ. கண்ணாடியே கிட்டத்தட்ட 20 கிலோ! ஆசாரி அண்ணன் கதவைக் கழற்றி எடை மெஷினில் நிறுத்தினார்: 44 கிலோ. பழைய பிளாஸ்டிக் சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தது.

60 கிலோ தாங்கும், பேரிங் வைத்த நைலான் ரோலர் போட்டோம். மேலே தொங்கும் வகை வேண்டாம், மேல்பலகை தொய்ந்துவிடும் என்றார் ஆசாரி அண்ணன். ஆத்தங்குடிக் கல் தரையில் லேசான ஏற்றஇறக்கம். அதற்கேற்ப ரோலரின் உயரத்தைச் சரிசெய்யும் திருகை அரைச்சுற்று திருப்பியதும் கதவு நேரானது. அப்பத்தா இப்போது தானே திறந்து சேலை எடுக்கிறார். தடத்தில் மட்டும் எண்ணெய் விடாதீர்கள், தூசி அப்பிக்கொள்ளும்.