மறுமொழி: தட்டு விளிம்புச் சொற்கள் – ‘அமிழ்தல்’ வேண்டாம், ‘அடிச்செருகல்’ வைப்போம்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். புவியின் மேற்பரப்பாக இருக்கும் பெரும் பாறைத் தட்டுகளில் ஒன்று இன்னொன்றின் அடியில் இறங்கிப்போவதை ஆங்கிலத்தில் ‘சப்டக்‌ஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் வைப்பது என்ற நம் பேச்சுக்கு என் மறுமொழி இது.

> சப்டக்‌ஷனுக்கு ‘அமிழ்தல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிய சொல், பழகிய சொல்.

கிருஷ்ணகிரி ஐயா சொல்லும் எளிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘அமிழ்தல்’ என்ற சொல்லுக்கு இதே துறையில் வேறொரு வேலை இருக்கிறது: நடுக்கத்தில் நிலம் தாழ்வதைச் சொல்வது. அதை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டால் அங்கே சொல்லுக்கு எங்கே போவது?

2004 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்வோம். சுமத்ராவுக்கு மேற்கே, சுண்டா அகழி என்ற ஆழ்கடல் பள்ளம் நெடுகிலும், இந்தியப் பெருங்கடலின் தரை பக்கத்துத் தட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு தட்டும் தொடுகிற முகம் எல்லா இடத்திலும் வழுக்கிக்கொண்டிருப்பதில்லை; பல இடங்களில் கவ்வி நின்றுவிடும். கீழ்த்தட்டு நகர நகர, மேல்தட்டின் விளிம்பும் அதோடு இழுபட்டு வளையும். பல காலம் சேர்ந்த அந்த வளைவு அன்று காலை விடுபட்டது. ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்கு, அந்தமான் வரை, கவ்வல் பிய்ந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. அகழியை ஒட்டிய கடல்தரை மேலெழுந்து தூக்கிய தண்ணீர்தான் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அத்தனை உயிர்களைக் கொண்டுபோனது.

அதே நடுக்கத்தில் பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போயிற்று. வட அந்தமானின் மேற்குக் கரையோ உயர்ந்தது. பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து செத்தன.

இந்திரா முனை இருப்பது மேல்தட்டில்! அன்றைக்கு அமிழ்ந்த நிலம் அதுதான். கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கீழே போகிற தட்டுக்கும் ‘அமிழ்தல்’, சில நிமிடத்தில் தாழ்ந்த கரைக்கும் ‘அமிழ்தல்’ என்றால், படிக்கிற பிள்ளை எந்தத் தட்டு எதற்குக் கீழே என்று குழம்பிப்போகும். தருமபுரியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் இந்தக் குழப்பத்தை நேரில் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு, அமிழ்தல் என்றதும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும்; தட்டுகள் உருகிய குழம்பின் மேல் மிதப்பதாகப் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். தட்டுகளுக்குக் கீழே இருக்கும் கவசம் (மேன்டில்) மெல்ல நெகிழக்கூடியது, ஆனாலும் திடப்பாறை.

> ‘செருகல்’ என்றால் செருகுகிறவர் ஒருவர் வேண்டுமே? தட்டை யார் பிடித்துத் தள்ளுகிறார்கள்?

ஓசூர் நண்பரின் கேள்வி இலக்கணத்துக்கும் இயற்பியலுக்கும் சேர்ந்தே பொருந்துகிறது. பழைய கடல்தரை குளிர்ந்து கனத்திருக்கும். முன்னே இறங்கிய பகுதியின் எடையே பின்னால் வருவதை இழுக்கிறது. ஆகவே நமக்குத் தன்வினைதான் வேண்டும். ‘காய்ச்சல்ல புள்ளைக்குக் கண்ணு செருகுது’ என்று நம் பக்கத்துத் தாய்மார்கள் சொல்வதை நினைத்துப் பாருங்கள். விழியை யாரும் தள்ளுவதில்லை. அதுவாக இமைக்கு அடியில் போகிறது. வினையும் தன்வினை, நகர்வின் வடிவமும் அதே. அதனால்தான் ‘அடிச்செருகல்’ என்கிறேன்.

தட்டு சாய்வாக இறங்குவதும் இந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. நிலநடுக்க ஆய்வாளர்களான ஜப்பானின் வதாட்டியும் அமெரிக்காவின் பெனியாஃபும் கண்டது அதைத்தானே: அகழியிலிருந்து விலக விலக நடுக்கங்களின் ஆழம் கூடிக்கொண்டே போகிறது, சில இடங்களில் 700 கி.மீ. வரைக்கும்.

நல்ல கலைச்சொல் கிளைக்க வேண்டும். இது கிளைக்கிறது: செருகுதட்டு, மேல்தட்டு, இரண்டும் தொடும் செருகுமுகம். செருகுமுகம் என்ற சொல் கைக்கு வந்தால் 2012 ஏப்ரல் 11-ஐ ஒரே வரியில் விளக்கிவிடலாம். அன்றைய 8.6 அளவு நடுக்கம் செருகுமுகத்தில் நடக்கவில்லை. அகழிக்கு மேற்கே, கடல்தட்டின் உள்ளேயே, பாறைகள் பக்கவாட்டில் நழுவியதால் வந்தது. கடல்தரை பெரிதாக எழவில்லை, அதனால் பேரலையும் இல்லை. சென்னையில் அதிர்வை உணர்ந்து மக்கள் தெருவுக்கு வந்த நாள் அது.

‘ஃபால்ட்’டுக்கு வெறும் ‘பிளவு’ போதாது என்பதில் கிருஷ்ணகிரி ஐயாவோடு முழுக்க உடன்படுகிறேன். கிருஷ்ணகிரி கல்குவாரிகளில் பாறை பிளந்து கிடப்பதை எங்கும் பார்க்கலாம். பெரும்பாலும் இரு பக்கமும் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் ஓடுகிற ஒரு கருங்கோடு வெடிப்பைத் தாண்டியதும் ஒரு முழம் தள்ளித் தொடர்ந்தால்தான் அங்கே நகர்வு நடந்திருக்கிறது என்று பொருள். அதற்குப் ‘பிளவுப்பெயர்ச்சி’ சரியான சொல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகள் பலவும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழையவை. அவற்றில் ஒரு பகுதி அக்காலத்து அடிச்செருகலில் உருவானதென்று கருதும் புவியியலாளர்களும் உண்டு. நம் காலடிக் கல்லைப் பற்றிப் பேசவே இந்தச் சொல் தேவைப்படுகிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. செருகுமுகத்தில் அசையாமல் நிற்கும் இடத்தைப் ‘பூட்டிய பகுதி’ என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். ‘கவ்விய பகுதி’ என்பதே என் பரிந்துரை. கவ்வல் இறுகும், தளரும், பாதி விடும். பூட்டில் அந்தப் படிநிலை இல்லை. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பேசிவிடலாம்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து