பத்து விநாடி வெறித்துப் பார்க்கிறாள், வலிப்பாக இருக்குமா?

காரைக்குடி அம்மா:
மகளுக்கு 7 வயது. சாப்பிடும்போதே திடீரென்று பத்து விநாடி வெறித்துப் பார்ப்பாள், கூப்பிட்டால் காதில் விழாது, அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி மீதிப் பணியாரத்தை எடுத்துக் கடிப்பாள். தினமும் பலமுறை. பள்ளியில் கவனமில்லை என்கிறார்கள், அப்பத்தா கண்ணேறு என்று சுற்றிப் போடுகிறார். பயமாக இருக்கிறது.

தேவகோட்டைக்காரி:
அக்கா, என் மகனுக்கும் இதேதான், ஆப்சன்ஸ் வலிப்பு என்றார்கள். ஒரு வருடம் அவனைத் திட்டியே கழித்தோம், இன்னும் மனசு ஆறவில்லை. மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி பரிசோதனை எடுக்கும்போது 3 நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொன்னார்கள், அங்கேயே வந்துவிட்டது. அடுத்த முறை வந்தால் போனில் வீடியோ எடுத்து, குழந்தைகள் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பள்ளத்தூர் மருந்தாளுநர்:
இதற்கு நல்ல ஆய்வே இருக்கிறது. 2010இல் அமெரிக்காவில் 453 குழந்தைகளிடம் மூன்று மருந்துகளை ஒப்பிட்டார்கள். எத்தோசக்சிமைடும் வால்ப்ராயேட்டும் லாமோட்ரிஜினைவிட நன்றாக வேலை செய்தன, அதிலும் எத்தோசக்சிமைடு கவனத்தைக் குறைவாகவே பாதித்தது. படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம். ஆனால் எந்த மருந்து என்பது டாக்டர் முடிவு, தொடங்கியபின் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

காரைக்குடி அம்மா:
சரிங்க, திங்கட்கிழமையே மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். டீச்சரிடமும் திட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.