ரைசன் 5 3600ஐ ஓவர்குளொக் செய்ய எங்கே தொடங்குவது? ஸ்டொக் கூலர், யாழ்ப்பாண வெக்கை

கோப்பாயான்

எல்லோருக்கும் வணக்கம். நானும் அண்ணாவும் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறோம். கணினி ரைசன் 5 3600, பி450 மதர்போட், 8 ஜிபி 3200 றாம் இரண்டு, புரொசசர் பெட்டிக்குள் வந்த சின்னக் கூலர், ஒருவர் பாவித்து விற்ற 550 வோட்ஸ் பவர் சப்ளை, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. ஒரு கலியாண வீடியோவைக் கடைசியாக எக்ஸ்போர்ட் செய்ய 54 நிமிடம் போகிறது. கிராபிக் காட்டில் என்கோட் செய்தால் வேகமாக முடியும் என்று தெரியும், ஆனால் அதே அளவு ஃபைலில் மணவறைப் பூக்களும் சேலைச் சரிகையும் பிசிறித் தெரிகின்றன என்று அண்ணா விடமாட்டார், அதனால் எல்லாம் புரொசசரில்தான்.

யூடியூப்பில் இதே புரொசசரை ஓவர்குளொக் செய்து, அதாவது கம்பனி வைத்த வேகத்துக்கு மேலே, 4.4 ஜிகாஹேர்ட்ஸ் வரை ஏற்றிக் காட்டுகிறார்கள். எனக்கு இதில் அனுபவம் ஒன்றும் இல்லை, கணினி தொடங்கும்போது திறக்கிற அந்த பயோஸ் அமைப்புக்குள் இதுவரை தேதி மட்டுமே மாற்றியிருக்கிறேன். எங்களுடைய அறைக்கு மேலே சீற் கூரை, மத்தியானம் எக்ஸ்போர்ட் போட்டால் 88 பாகை காட்டுகிறது. இந்த நிலையில் ஓவர்குளொக் செய்யலாமா, செய்தால் எதை முதலில் தொட வேண்டும், புரொசசர் எரிந்துவிடுமா? புதிதாக ஒன்று வாங்க இப்போது வசதியில்லை.

சுன்னாகம் சந்தி

தம்பி, புரொசசரைத் தொட முதல் ஒரு விஷயம் பாரும். டாஸ்க் மனேஜரைத் திறந்து, மெமரி பக்கத்தில் வேகம் எவ்வளவு என்று இருக்கிறது? நீர் 3200 றாம் வாங்கியிருந்தாலும் பயோஸில் எக்ஸ்எம்பியை, அதாவது றாமை அதன் முழு வேகத்தில் ஓட்டுகிற அமைப்பை, போடாவிட்டால் அது 2133 அல்லது 2400 இல்தான் ஓடும். சில மதர்போட்டுகளில் அதற்கு டிஓசிபி என்று பெயர். கனபேர் இதைப் பார்க்காமலே வருசக்கணக்காகப் பாவிக்கிறார்கள். ரைசனில் கோர்களுக்கு, அதாவது புரொசசருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதிகளுக்கு, இடையிலான பாதையும் றாமின் வேகத்தோடு சேர்ந்துதான் ஓடுகிறது, அதனால் இன்டெலைவிட இங்கே வித்தியாசம் கூடுதலாகத் தெரியும். உமக்கு முதல் ஓவர்குளொக் அதுதான், ஒரு சதமும் செலவில்லை.

இனி நீர் கேட்டதற்கு வருகிறேன். புரொசசரின் வேகம் என்பது 100 மெகாஹேர்ட்ஸை ஒரு பெருக்கத்தால் பெருக்கி வருவது, 42 என்று வைத்தால் 4.2 ஜிகாஹேர்ட்ஸ். 3600 இன் அடிப்படை வேகம் 3.6, பூஸ்ட் 4.2. ஆனால் அந்த 4.2 ஒன்றிரண்டு கோர்கள் வேலை செய்யும்போதுதான் வரும், ஆறு கோரும் எக்ஸ்போர்ட்டில் மாட்டுப்பட்டால் தானாகவே 3.9, 4.0 என்று நிற்கும். நீர் பாடுபட்டு எல்லாக் கோரையும் 4.2க்குக் கொண்டுவந்தாலும் கிடைக்கப்போவது ஐந்து ஆறு வீதம், உம்முடைய 54 நிமிடத்தில் மூன்று நிமிடம். 4.4 காட்டுகிறவர்கள் நல்ல சிப் அகப்பட்டவர்களாகவோ பெரிய தண்ணீர்க் கூலர் வைத்திருப்பவர்களாகவோ இருப்பார்கள். ஒரே பெட்டியில் வந்த இரண்டு 3600 கூட ஒன்றுபோல ஏறாது.

சூடு ஏன் இவ்வளவு ஏறுகிறது என்பதை வடிவாக விளங்கிக்கொள்ளும், ஓவர்குளொக்கில் பாதி இதுதான். வேகத்தைக் கூட்டினால் புரொசசர் இழுக்கிற மின்சாரம் அதே அளவில் கூடும், வோல்டைக் கூட்டினாலோ வோல்டின் வர்க்கத்தோடு கூடும். 4.0இல் 1.2 வோல்டில் ஓடுவதை 4.2க்கு 1.35 வோல்ட் கொடுத்து ஏற்றுகிறீர் என்று வையும்: வேகம் ஐந்து வீதம் கூடியது, சூடோ கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. இனி கூலர் என்னதான் செய்தாலும் புரொசசரை அறைக் காற்றைவிடக் குளிராக்க முடியாது. வீடியோ போடுகிறவர் ஏசி அறையில் 22 பாகையில் இருந்து 75 காட்டினால், உம்முடைய சீற் கூரைக்குக் கீழே அறை 34 இருக்கும்போது அதே கணினி 87 காட்டும். 3600க்கு அதைச் செய்கிற ஏஎம்டி வைத்த எல்லை 95, அதைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் டக்கென்று எரியாது, பயப்பட வேண்டாம். எரிப்பது கூடுதலான வோல்டைக் கனநாள் கொடுப்பதுதான்.

குருநகர்க் காற்று

அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 88 என்றால் கூலரை எப்போது கடைசியாகக் கழற்றித் துப்புரவாக்கினீர்கள்? கோப்பாய்ப் பக்கம் செம்மண், சோளகம் வீசுகிற மாதங்களில் அந்தப் புழுதி யன்னலைச் சாத்தினாலும் வரும், கூலரின் தகடுகளுக்கு இடையில் போய்ப் படிந்துவிடும். எங்களுக்குக் கடற்கரையில் உப்புக் காற்று, அது வேறு பாடு. புரொசசருக்கும் கூலருக்கும் இடையில் சூட்டைக் கடத்துகிற பழைய தேர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிது பூசுங்கள், ஒரு பட்டாணி அளவு போதும். கழற்ற முதல் பத்து நிமிடம் ஏதாவது வேலை கொடுத்துச் சூடாக்கிவிட்டு, அணைத்து வயரையும் கழற்றுங்கள். பிறகு கூலரை மெதுவாக இடம் வலமாகத் திருகித்தான் தூக்க வேண்டும். உங்களுடையது போன்ற ஏஎம்4 சொக்கெட் புரொசசரில் ஊசிகள் கீழே இருக்கின்றன, குளிர்ந்த பேஸ்டோடு நேராக இழுத்தால் சொக்கெட்டில் இருந்து புரொசசரும் சேர்ந்து வந்துவிடும், ஒரு ஊசி வளைந்தாலும் பெரிய சோலி.

மற்றது கரண்ட். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டு இருந்த நாட்களில் நான் பயோஸ் அப்டேட் செய்துகொண்டிருந்தபோது நேரத்துக்கு முன்பே கரண்ட் போய், மதர்போட் அசையவில்லை. பிறகு திருத்துகிற ஒருவர் பயோஸ் சிப்பைக் கழற்றி வேறு கருவியில் எழுதித் தந்தார். யூபிஎஸ் இல்லாமல் பயோஸ் அப்டேட் செய்யவே வேண்டாம். பாவித்த பவர் சப்ளை என்கிறீர்கள், அதன் வயதை விற்றவரிடம் கேளுங்கள். ஓவர்குளொக்கில் முதலில் களைப்பது அதுதான், அது போகும்போது மதர்போட்டையும் இழுத்துக்கொண்டு போவதைக் கண்டிருக்கிறேன்.

கோப்பாயான்

அண்ணை, றாம் 2133இல்தான் ஓடியிருக்கிறது. இரண்டு வருசமாக! எக்ஸ்எம்பியைப் போட்டேன், இப்போது 3200. அதே வீடியோ 50 நிமிடத்தில் முடிந்தது. கூலரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே செம்மண் கம்பளம் மாதிரி இருந்தது, பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தது. துடைத்துப் பூசிய பிறகு அதே மத்தியான வேளையில் 80 பாகை. பவர் சப்ளைக்கு மூன்று வயதுதான் என்று விற்றவர் பற்றுச்சீட்டைக் காட்டினார். இனிப் புரொசசரைத் தொட்டுப் பார்க்க விருப்பம், மூன்று நிமிடம்தான் கிடைத்தாலும் பரவாயில்லை, பழக வேண்டும்.

சுன்னாகம் சந்தி

பழகுகிற ஆசை நல்லது, செய்யும். ஆனால் வாடிக்கையாளரின் வேலை கணினியில் கிடக்கும்போது செய்ய வேண்டாம். ஓவர்குளொக் சரியாக நிற்காவிட்டால் எப்போதும் நீலத் திரை வந்து சொல்லாது, சில வேளை சத்தமில்லாமல் ஃபைலுக்குள் பிழை எழுதிவிட்டுப் போகும். தாலி கட்டுவதை இரண்டாம் முறை படம் எடுக்க முடியாது. எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்து, அதைக் கழற்றிவிட்டுத் தொடங்கும்.

முதலில் ஒன்றும் மாற்றாமல் வேகத்துக்கு மதிப்பெண் போடுகிற சினிபெஞ்சை மூன்று தரம் ஓடவிட்டு மதிப்பெண்ணையும், சூடு, வோல்ட் காட்டுகிற ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் அதிகூடிய சூட்டையும் கொப்பியில் எழுதும். அப்போது ஒரு காட்சி உம்மைக் குழப்பும்: கணினி சும்மா இருக்கும்போது வோல்ட் 1.4க்கு மேல் காட்டும். அது ஒரு கோர் கொஞ்ச நேரம் துள்ளும்போது வருவது, அந்த நேரம் மின்னோட்டம் குறைவு, கேடில்லை. அதைப் பார்த்துவிட்டு "ஏஎம்டியே 1.4 கொடுக்கிறதே" என்று நீரும் எல்லாக் கோருக்கும் 1.4ஐ நிரந்தரமாக வைத்தால்தான் ஆபத்து. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கனபேர் விழுகிற குழி அது.

பிறகு பயோஸில் பெருக்கத்தை 40 என்றும் வோல்டை 1.25 என்றும் வைத்துச் சேமியும். விண்டோஸ் வந்தால் சினிபெஞ்ச், அது தாண்டினால் கணினி தாங்குமா என்று சோதிக்கிற ஓசிசிடி அரை மணித்தியாலம். ரைசனில் பெருக்கத்தைக் கால் காலாக ஏற்றலாம், 40.25, 40.5 என்று ஒரு நேரத்தில் ஒரு படி. இடையில் ரீஸ்டார்ட் ஆனாலோ, விண்டோஸ் பிழைகளைப் பதிந்து வைக்கிற ஈவென்ட் வியூவரில் வியா (WHEA) என்ற வன்பொருள் பிழை விழுந்தாலோ ஒரு படி இறங்கும், அல்லது வோல்டை 0.0125 கூட்டிப் பாரும். உம்முடைய கூலருக்கு 1.3 வோல்ட், 85 பாகை, இந்த இரண்டில் எது முதலில் வந்தாலும் நிறுத்தும். ஒரேயடியாக இரண்டு மூன்றை மாற்றினால் எது பிழைத்தது என்று தெரியாது. திரையே வராவிட்டால் பதற வேண்டாம், கரண்டை எடுத்துவிட்டு மதர்போட்டில் உள்ள சிஆர்2032 பற்றரியைச் சில நிமிடம் கழற்றி வைத்துத் திரும்பப் போட்டால் பயோஸ் பழையபடி வந்துவிடும். இதனால் ஏதும் பழுதானால் வாரன்டியில் ஏற்கமாட்டார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நல்லூர் வீதி

நான் இதே 3600இல் எதிர்ப் பக்கமாகப் போனேன் தம்பி. எனக்கு வேகம் தேவையில்லை, மத்தியானத்தில் விசிறிச் சத்தம்தான் தாங்கவில்லை. வோல்டைக் குறைத்து 3.9இல் நிறுத்தினேன், 9 பாகை இறங்கியது, சினிபெஞ்சில் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. ஆனால் கவனம், 3600 சேர்ந்த ரைசன் 3000 வரிசையில் வோல்டை ஒஃப்செட்டாக, அதாவது புரொசசர் தானாகக் கேட்கிற வோல்டில் இருந்து ஓர் அளவைக் கழித்து, அளவுக்கு மேல் குறைத்தால் திரையில் அதே 4.0 காட்டிக்கொண்டே உண்மையில் மெதுவாக ஓடும். இலக்கத்தை நம்பாமல் மதிப்பெண்ணைப் பாருங்கள். அண்ணை எழுதி வைக்கச் சொன்னது அதற்காகவும்தான்.

என் தங்கச்சியிடம் ஐ5 10400 இருக்கிறது, அதைக் கூட்டலாமா?

சுன்னாகம் சந்தி

முடியாது பிள்ளை. இன்டெலில் பெயருக்குப் பின்னால் கே என்ற எழுத்து இருக்க வேண்டும், மதர்போட்டும் இசட் வகையாக இருக்க வேண்டும். ஏஎம்டியிலும் ஏ320, ஏ520 மதர்போட்டுகளில் இடமில்லை. அந்தக் காலம் வேறு, 1998இல் வந்த இன்டெலின் செலரோன் 300ஏ புரொசசரை, பெருக்கத்தால் பெருக்கப்படுகிற அடிப்படை பஸ் வேகத்தை 66இல் இருந்து 100 ஆக்கி 450 மெகாஹேர்ட்ஸில் ஓட்டினார்கள், ஒன்றரை மடங்கு! அப்போது நிறுவனங்கள் இடைவெளி நிறைய விட்டன. இப்போது பூஸ்ட் என்ற பெயரில் அந்த இடைவெளியைத் தாங்களே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

கோப்பாயான்

இரண்டு இரவு இருந்தேன். 4.2இல் விண்டோஸ் வந்தது, ஓசிசிடி பத்து நிமிடத்தில் விழுத்தியது. 4.15இல் 87 பாகை. இப்போது 4.1, 1.2625 வோல்ட், இரவில் 79, மத்தியானம் 84. எக்ஸ்போர்ட் 48 நிமிடம். பயோஸில் இரண்டு புரொஃபைல் சேமித்து வைத்திருக்கிறேன், கலியாண வேலை இருக்கும்போது எக்ஸ்எம்பி மட்டும் உள்ளது, மற்ற நேரம் 4.1. அண்ணா இப்போது பெரிய ரவர் கூலர் ஒன்று எடுப்போம் என்கிறார், கொழும்பில் யூனிற்றி பிளாசாவில் கேட்டுப் பார்க்கப் போகிறார்.

குருநகர்க் காற்று

காசு கொடுக்க முதல் கேசிங்கின் பக்கக் கதவைத் திறந்து, புரொசசரின் மேல்மட்டத்தில் இருந்து கதவு வரை அடிமட்டத்தால் அளந்து அண்ணாவிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ரவர் கூலர்கள் பல 155 மில்லிமீற்றர் உயரம் வரும், இங்கே விற்கிற சின்னக் கேசிங்குகளில் கதவு மூடாது. உயரமான றாம் என்றால் விசிறி அதில் முட்டுமா என்றும் பாருங்கள்.