சால்டரிங் இல்லாமல் வல்லத்துக்கு நீர் எச்சரிக்கை மணி

கேள்வி (பாம்பன்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பைபர் வல்லத்தின் அடியில் கடல்நீர் ஏறினால் ஒலிக்கும் மணி ஒன்றை, பழுதான யூபிஎஸ்ஸின் பஸ்ஸர், பழைய ரேடியோவின் பிசி 547 டிரான்சிஸ்டர், ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், நான்கு பென்டார்ச் செல்கள் ஆகியவற்றைக் கொண்டு பிரெட்போர்டில் (பாகங்களின் கால்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகையில்) அமைத்தேன். இரண்டே மாதத்தில் உப்புக் காற்றில் போர்டின் உள்தகடுகள் கறுத்துவிட்டன. நீரை உணர அடியில் நட்ட செம்புக் கம்பிகளும் பச்சை பூத்துவிட்டன. பனி இறங்கும் இரவுகளில் தண்ணீர் இல்லாமலே மணி அலறுகிறது. சால்டரிங் அயர்ன் (ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கருவி) வாங்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

மறுமொழி (கீழக்கரை)

முடியும். பிரெட்போர்டின் மெல்லிய தகடுகள் வீட்டு மேசைக்கே ஏற்றவை. வீட்டு வயரிங்கில் பயன்படும் ஸ்குரூ கனெக்டர் பட்டையை வாங்குங்கள். டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். கால்களை மெதுவாக விரித்து, அடுத்தடுத்த மூன்று துளைகளில் இறுக்குங்கள். பழைய போர்டிலிருந்து எடுத்த பாகங்களின் கால்கள் குட்டையாகவே இருக்கும் என்பதால், கம்பியை முறுக்கிச் சேர்ப்பதைவிட இந்தப் பிடிப்பே நம்பகமானது. இறுக்கி முடித்த பிறகு திருகுகளின் மேல் வாசலின் பூசி, மூடி இறுகும் டப்பாவுக்குள் வையுங்கள்.

மறுமொழி (மண்டபம்)

இரவில் தானாக ஒலிப்பதற்குக் காரணம் வேறு. உப்புப் படிந்த பரப்பு பனியில் நனைந்தால் அதுவே மின்சாரத்தைக் கடத்துகிறது. டிரான்சிஸ்டரை இயக்க அதன் பேஸுக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும் என்பதால் அந்த ஈரமே மணியை எழுப்பிவிடுகிறது. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சேருங்கள். அதன் நிறப்பட்டைகள் மஞ்சள், ஊதா, சிவப்பு. டிரான்சிஸ்டர் திறக்க ஏறத்தாழ 0.6 வோல்ட் வேண்டும். ஈரப் படலத்தின் தடை சுமார் 30 கிலோ ஓமுக்கு மேல் இருக்கும்வரை பேஸில் அந்த அளவு சேராது. கடல்நீரின் தடையோ அதைவிட மிகக் குறைவு. ஆகவே உண்மையில் நீர் ஏறும்போது மணி தவறாது.

செம்புக் கம்பிக்குப் பதிலாக, தீர்ந்துபோன சாதாரண துத்தநாக செல்கள் இரண்டின் நடுவிலுள்ள கரிக்குச்சிகளைப் பயன்படுத்துங்கள். நேர்முனையில் செம்பு கரைந்துபோகும், கரி அவ்வளவு எளிதில் அரிக்காது. ஆல்கலைன் செல்லையோ லித்தியம் செல்லையோ தயவுசெய்து பிளக்க வேண்டாம்.

கேட்டவர் (பாம்பன்)

இருவருக்கும் நன்றி. பழைய டிவி போர்டில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிடைத்தது. ஒரு வாளி கடல்நீரில் சோதித்தேன், குச்சிகள் நனைந்த உடனே ஒலித்தது. ஈரத்துணியை உப்புநீரில் நனைத்துப் பிழிந்து குச்சிகளின் மேல் போட்டபோதும் ஒலித்தது. குச்சிகளை இரண்டு விரல் அகலம் தள்ளி நட்ட பிறகு அது நின்றது. நாளை வல்லத்தில் பொருத்துகிறேன்.