வேறு நாட்டுக்கு வந்தாச்சு, ஹார்மோன் சிகிச்சையை எப்படித் தொடர்வது?

நெய்தல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருநங்கை, வயது முப்பதுகளில். ஹார்மோன் எடுக்கத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது, அறுவை சிகிச்சையும் முடிந்துவிட்டது. இப்போது வேலைக்காக வேறு நாட்டுக்கு வந்திருக்கிறேன். எந்த நாடு என்று இங்கே எழுத விருப்பமில்லை. அலுவலகத்தில் யாருக்கும் என்னைப் பற்றித் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கையில் கொண்டுவந்த எஸ்ட்ரடையால் (பெண் ஹார்மோன்) மாத்திரை இன்னும் சில வாரங்களுக்குத்தான் வரும். இங்கே குடும்ப மருத்துவரிடம் பதிந்து போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் இது தனக்குப் பழக்கமில்லாத விஷயம், பாலினச் சிகிச்சை மையத்துக்கு எழுதித் தருகிறேன், அவர்கள் பார்த்து முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த மையத்துக்குப் போன் செய்தால் முதல் சந்திப்புக்கே ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டுமாம், அதுவும் மனநல மதிப்பீட்டிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்களாம். அதுவரை நான் என்ன செய்வது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

ஊரிலிருந்து மாத்திரையைப் பார்சலில் அனுப்பச் சொல்லலாமா? ஆன்லைனில் மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கிறார்களே, அதை வாங்கலாமா? கம்பெனி இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்தால் எச்ஆருக்குத் தெரிந்துவிடுமா? இன்னொன்று, இங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்ட்ரடையால் 550 என்று வந்திருக்கிறது. எனக்கு எப்போதும் 150 பக்கம்தான் இருக்கும். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெயில்மழை:

தோழி, முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் புதிதாகச் சிகிச்சை தொடங்க வந்தவர் இல்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற சிகிச்சையைத் தொடரக் கேட்பவர். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பல நாடுகளில் நம் ஆட்களை நேராக அந்த நீண்ட வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். இந்த வித்தியாசத்தை மருத்துவராகக் கண்டுபிடித்துச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள், நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மையத்துக்கான ரெஃபரலை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அது பாட்டுக்கு வரிசையில் இருக்கட்டும். ஆனால் அதே குடும்ப மருத்துவரிடம் திரும்பப் போய், மையத்தில் இடம் கிடைக்கும்வரை இடைக்கால மருந்துச் சீட்டு வேண்டும் என்று கேளுங்கள். 'பிரிட்ஜிங்' என்று சொன்னால் பல மருத்துவர்களுக்குப் புரியும். திருநர் மருத்துவத்துக்கான உலக அமைப்பான டபிள்யூபாத் (WPATH) வெளியிடும் சிகிச்சைத் தரநிலைகள், உலகம் முழுக்க மருத்துவர்கள் இதற்காகப் புரட்டுகிற ஆவணம், அதன் 7ஆம் பதிப்பில் இது நேரடியாகவே இருந்தது: ஏற்கெனவே ஹார்மோன் எடுத்துக்கொண்டு வருகிறவருக்கு, தொடர்ந்து பார்க்கிற மருத்துவர் கிடைக்கும்வரை ஒன்று முதல் ஆறு மாதத்துக்கு மருந்து எழுதித் தரலாம் என்று. 2022இல் 8ஆம் பதிப்பு வந்துவிட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற சிகிச்சை அறுந்துபோகக் கூடாது என்பதை நம்மைப் பார்க்கிற எந்த நல்ல மருத்துவரும் மறுக்க மாட்டார்.

உங்கள் விஷயத்தில் இன்னும் வலுவான காரணம் இருக்கிறது. அறுவை சிகிச்சையில் விரைகளை நீக்கிவிட்டார்கள் என்றால் உங்கள் உடம்பு போதிய பால் ஹார்மோனைத் தானாகச் சுரக்காது. மாத்திரை நின்றால் உடம்பு சூடேறும், களைப்பு வரும், மனம் சோர்ந்துபோகும், நாள்பட நாள்பட எலும்பு அடர்த்தி குறையும். இதைச் சொல்லிவிட்டு, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நீங்கள் எழுதுகிற அதே எஸ்ட்ரடையால்தான் நான் கேட்பது என்று சொல்லுங்கள். அவருக்கு நீங்கள் பழக்கமில்லாதவராக இருக்கலாம், அந்த மருந்து நிச்சயமாகப் பழக்கமானதுதான்.

அவர் அப்போதும் தயங்கினால் அதே கிளினிக்கில் வேறு மருத்துவரைக் கேளுங்கள், அல்லது நேராக எண்டோகிரைனாலஜிஸ்டுக்கு ரெஃபரல் கேளுங்கள். ஹார்மோன் குறைபாட்டைப் பார்ப்பது அவர்களுடைய அன்றாட வேலை, பாலினச் சிகிச்சை மையம் வழியாகத்தான் போக வேண்டும் என்று எல்லா நாட்டிலும் விதி கிடையாது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா மாதிரி இடங்களில் விவரங்களைச் சொல்லி, நோயாளியின் ஒப்புதல் வாங்கிக்கொண்டு பொது மருத்துவரே ஹார்மோன் எழுதுகிற முறை பல வருடமாக இருக்கிறது. பிரிட்டனில் மையத்தின் வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இத்தனைக்கும் அங்கே தேசிய சுகாதாரச் சேவையின் பொதுவான இலக்கு 18 வாரம். வந்திருக்கிற நாடு எந்த ரகம் என்று தெரிந்துகொண்டால் யார் கதவைத் தட்டுவது என்பது பாதி தெளிவாகிவிடும்.

கடுகு:

நான் செவிலியர். உங்கள் 550 பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகத் தூங்குங்கள். அது பெரும்பாலும் அலகு மாறியதுதான். சில நாடுகளில் எஸ்ட்ரடையாலை ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம் என்று எழுதுவார்கள், சில நாடுகளில் ஒரு லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்று எழுதுவார்கள். ஒரு பிகோகிராம் என்பது அந்தக் கணக்கில் 3.67. உங்கள் 150ஐப் பெருக்கிப் பாருங்கள், 550தான் வரும். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு அச்சாகியிருக்கும், அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கும் இதே கதைதான்: டெசிலிட்டருக்கு 50 நானோகிராம் என்பது வேறு நாட்டு ரிப்போர்ட்டில் லிட்டருக்கு சுமார் 1.7 நானோமோல். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அளவைப் பாதியாகக் குறைக்கிற மருத்துவரும் உண்டு. அதனால் பழைய ரிப்போர்ட்டில் அலகு தெரிகிற மாதிரி காட்டுங்கள்.

அப்புறம் மருந்தின் பெயர். பிராண்டு பெயரைச் சொன்னால் இன்னொரு நாட்டில் யாருக்கும் தெரியாது. எஸ்ட்ரடையால் வாலரேட், இத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு இத்தனை முறை, வாய்வழியா நாக்குக்கு அடியிலா என்று மூலப் பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழகிய வடிவம் கிடைக்காமலும் போகலாம். ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளில் கடையில் அது கிடைக்காது, ஜெல்லோ பேட்ச்சோ மாத்திரையோதான். வடிவம் மாறினால் பயப்பட வேண்டாம், சில வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைச் சரிசெய்யலாம். சொல்லப்போனால் வயது கூடியவர்களுக்கும் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு உள்ளவர்களுக்கும் தோல்வழி மருந்துதான் நல்லது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக: ஆண் ஹார்மோனை அடக்குகிற ஆண்ட்ரோஜன் தடுப்பு மருந்தும் நாட்டுக்கு நாடு மாறும். சைப்ரோடிரோன் அமெரிக்காவில் அனுமதியே பெறவில்லை, அங்கே ஸ்பைரோனோலாக்டோன்தான் பெரும்பாலும் எழுதுவார்கள், அதற்குப் பொட்டாசியம் அளவைப் பார்க்க வேண்டும். சைப்ரோடிரோனை அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் மெனிஞ்சியோமா என்கிற மூளை உறைக் கட்டி வரும் அபாயம் கூடுகிறது என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை 2020இல் எச்சரித்து, அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. பழைய சீட்டில் அதிக அளவு எழுதியிருந்தால் புது மருத்துவர் குறைக்கச் சொல்வது உங்கள் நல்லதுக்குத்தான். விரைகள் நீக்கப்பட்டவர்களுக்குப் பொதுவாக இந்த மருந்தே தேவையில்லை.

கேட்டது கிடைக்கவில்லை என்று கருத்தடை மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். அவற்றில் பலவற்றில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடையால். ரத்தக்கட்டு அபாயம் அதிகம் என்பதால்தான் நம் சிகிச்சையில் அதை மருத்துவ வழிகாட்டுதல்கள் வேண்டாம் என்கின்றன. கால் ஒன்று வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும், அங்கே ஹார்மோன் எடுப்பதை மறைக்கவும் கூடாது.

தூரத்துமலை:

அக்கா, நான் திருநம்பி. பார்சல் பற்றி நான் சொல்கிறேன். எஸ்ட்ரடையாலுக்குப் பெரும்பாலான நாடுகளில் மருந்துச் சீட்டு இருந்தால் போதும், ஆனால் தபாலில் மருந்து வரவழைப்பதற்குத் தனி விதி உண்டு. கையில் கொண்டுவர அனுமதிக்கிற நாடே பார்சலைத் தடுத்து வைக்கும், அது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் மாத்திரை தீர்ந்துகொண்டிருக்கும் பாருங்கள், அந்தத் தவிப்பு வேண்டாம். டெஸ்டோஸ்டிரோனுக்கு நிலைமை இன்னும் கடுமை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றிலும் அது சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட பொருள், விளையாட்டுக்காரர்கள் தவறாகப் பயன்படுத்துவதால் வந்த சட்டம் நம் தலையிலும் விழுகிறது. என் மாதிரி ஆட்கள் பார்சல் பக்கமே போகக் கூடாது.

விமானத்தில் கொண்டுவருவதென்றால் மருந்தை அதன் அசல் பெட்டியோடு, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இடையில் விமானம் மாறுகிற நாட்டின் விதியையும் பார்த்துவிட வேண்டும், அதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. பெயர் மாற்றியவர்கள் பழைய பெயரில் உள்ள ரிப்போர்ட்டோடு பெயர் மாற்ற ஆவணத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த ரிப்போர்ட் உங்களுடையதுதான் என்று நிரூபிப்பதே தனி வேலை ஆகிவிடும். நாடு மாறப்போகிற தம்பிகள் கிளம்பும் முன் மருத்துவரிடம் டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட் ஊசி ஒத்துவருமா என்று கேட்டுப் பாருங்கள். அது பழகிய பிறகு சுமார் 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும், புது ஊரில் மருத்துவர் தேட அவ்வளவு அவகாசம் கிடைக்கும்.

இன்னொன்று, எனக்கு மனசுக்கு மிக நெருக்கமான விஷயம். புது நாட்டில் பதியும்போது ஆண் என்று பதிவாகிவிட்டால் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைப்பே வராது. பிரிட்டனில் அப்படித்தான் நடக்கிறது. கருப்பைவாய் இருக்கிறவர் வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு. அதே மாதிரி உங்களுக்கும் புரோஸ்டேட் இருக்கும் அக்கா, அதை அந்த அறுவை சிகிச்சையில் எடுப்பதில்லை. எந்த உறுப்பு இருக்கிறதோ அதற்கான பரிசோதனை வேண்டும் என்று மருத்துவரிடம் ஒருமுறை சொல்லிப் பதிய வைத்துவிடுங்கள்.

ஊதாப்பூ:

இன்சூரன்ஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எச்ஆரிடம் கேட்காதீர்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கே நேரடியாகப் போன் செய்து, கிளெய்ம் விவரம் யார் கண்ணில் படும், கடிதம் எந்த முகவரிக்கு வரும் என்று கேளுங்கள். ஐரோப்பாவில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது, அமெரிக்காவில் மருத்துவத் தகவலின் ரகசியத்தைக் காக்கிற ஹிப்பா சட்டம் இருக்கிறது. ஆனாலும் சட்டத்தை மட்டும் நம்பி நான் இருக்க மாட்டேன். பாலிசியில் எது எதற்குப் பணம் தர மாட்டார்கள் என்ற பகுதியை முழுக்கப் படியுங்கள். சாதாரண எஸ்ட்ரடையால் மாத்திரை பல இடங்களில் அவ்வளவு விலை இல்லை. மனசு ஒப்பவில்லையென்றால் மருந்துக்கு மட்டும் கைக்காசைக் கொடுத்துவிட்டு, மருத்துவர் சந்திப்புக்கு மட்டும் இன்சூரன்ஸைப் பயன்படுத்தலாம்.

வெயில்மழை சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. எல்லா நாட்டிலும் தைரியமாக வாய்விட்டுச் சொல் என்று சொல்ல முடியாது. ரஷ்யாவில் 2023இல் பாலின மாற்றச் சிகிச்சையையே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர் யாரிடம் என்ன சொல்வது என்பதை முதலில் அங்கே உள்ள நம் ஆட்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். உள்ளூர் திருநர் குழுவுக்கு எந்த மருத்துவர் மனிதராக நடத்துவார் என்று தெரிந்திருக்கும், அந்தத் தகவல் எந்த இணையதளத்திலும் இருக்காது.

மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை ஆஸ்பத்திரி மூலமாகக் கேளுங்கள், போன் வழியாகக்கூடத் தருவார்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் யாரையும் உள்ளே கூட்டிப்போக வேண்டாம். அறைக்குள் பேசியது வெளியே போனால் திரும்ப அள்ள முடியாது.

நெய்தல்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ரிப்போர்ட்டைப் பார்த்தேன், பிகோமோல் என்றுதான் போட்டிருக்கிறது கடுகு, அழுதேவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி அதே மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். ஒரே சிக்கல், பழைய ஆஸ்பத்திரியில் சிகிச்சை விவரக் கடிதம் கேட்டு மெயில் போட்டேன், பதிலே இல்லை. கையில் டிஸ்சார்ஜ் சம்மரியும் சில சீட்டுகளும் மட்டும்தான் இருக்கின்றன. இது போதுமா?

வெயில்மழை:

போதும். டிஸ்சார்ஜ் சம்மரிதான் எல்லாவற்றிலும் முக்கியம், என்ன அறுவை சிகிச்சை நடந்தது என்பதை அது சொல்லிவிடும். அதோடு கடைசிச் சீட்டு, மாத்திரை அட்டையின் போட்டோ, ரத்தப் பரிசோதனை முடிவுகள், இவற்றை வைத்து நீங்களே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எப்போது தொடங்கினீர்கள், என்ன மருந்து, என்ன அளவு, எப்போது ஆபரேஷன், வேறு நோய் உண்டா, ரத்தக்கட்டு வந்ததுண்டா. பழைய சீட்டில் எஃப்64.0 என்ற குறியீடு இருந்தால் அது ஐசிடி-10 கணக்கு, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் முந்தைய நோய் வகைப்பாட்டுப் பட்டியல், அதில் நம் பாலின நிலை மனநலப் பிரிவில் இருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல் உலக சுகாதார நிறுவனம் இதை அந்தப் பிரிவிலிருந்தே எடுத்துப் பாலியல் நலம் சார்ந்த பகுதியில் வைத்துவிட்டது. எல்லா நாடும் இன்னும் மாறவில்லை, அதனால் குறியீடு வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம். தமிழில் உள்ள காகிதங்களை மட்டும் மொழிபெயர்த்துக் கொண்டுபோங்கள்.

இடைக்காலச் சீட்டு கிடைத்ததும், அது முடியும் தேதிக்கு முன்பே அடுத்த சந்திப்பையும் ரத்தப் பரிசோதனையையும் அங்கேயே பதிந்துவிட்டு வெளியே வாருங்கள். என்ன சொன்னார் என்று வந்து எழுதுங்கள் தோழி, மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு வாங்குங்கள், அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்தே பார்ப்போம்.