உதவி: இடது தொண்டையில் ஏதோ குத்துகிறது, ஏழு மாதம் ஆச்சு

மயூர்விகார்_தம்பி
வணக்கம். டெல்லியில் இருக்கிறேன். தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரியே இருக்கிறது, எச்சில் விழுங்கினால் குத்துகிறது. மூன்று டாக்டர் பார்த்தாச்சு, மூன்று பேரும் அசிடிட்டி என்கிறார்கள். பான்டோப்ரசோல் நாலு மாதம் தின்றாச்சு, எண்டோஸ்கோபியும் எடுத்தாச்சு, ஒன்றும் இல்லையாம். நல்ல ஈஎன்டி யாராவது தெரிந்தால் சொல்லுங்கள், அவசரம்.

கரோல்பாக்_மாமி
வயசு என்ன? சிகரெட் உண்டா? எடை குறைந்திருக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா? இதெல்லாம் சொல்லாமல் டாக்டர் பெயர் கேட்டால் என்ன சொல்வது தம்பி.

ஆர்கேபுரம்_ரவி
டெல்லிக் காற்றுதான், வேறென்ன. தீபாவளி முடிந்ததும் எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் தொண்டை போய்விடும். என்95 போடுங்கள், ராத்திரி அதிமதுரம் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளுங்கள்.

கரோல்பாக்_மாமி
காற்று இரண்டு பக்கத்துக்கும் சமமாகத்தானே போகிறது ரவி? அவருக்கு இடது பக்கம் மட்டும்தான், தலைப்பிலேயே போட்டிருக்கிறார்.

நெய்மீன்_நேசன்
மீன் முள். சி.ஆர்.பார்க் மார்க்கெட்டில் ஹில்சா வாங்கினீர்களா? அதில் நூல் மாதிரி முள் இருக்கும். சோற்றை உருண்டையாகப் பிடித்து மெல்லாமல் விழுங்குங்கள், கூடவே இறங்கிவிடும். எங்கள் பாட்டி வைத்தியம்.

சிடி_அறை_செல்வி
தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். சோறு தள்ளுகிற தள்ளில் முள் இன்னும் ஆழமாகக் குத்தி இறங்கலாம். முள் என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே ஈஎன்டியிடம் போய் எடுத்துவிட வேண்டும்.

நெய்மீன்_நேசன்
எத்தனை தலைமுறையாக விழுங்கிக்கொண்டிருக்கிறோம்! ஹில்சா சாப்பிட்டுப் பழகாதவர்களுக்குத்தான் பயம்.

மூத்த_உறுப்பினர்
வாரம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. எண்டோஸ்கோபி சுத்தமாக இருக்கிறது என்றால் இது குளோபஸ், அதாவது மனக்கவலையில் வரும் தொண்டைக் கட்டி உணர்வு. கூகுளை மூடிவிட்டு நன்றாகத் தூங்குங்கள்.

மயூர்விகார்_தம்பி
வயசு 36, சிகரெட் இல்லை, எடை, குரல் எல்லாம் அப்படியே இருக்கிறது. நான் சைவம். காதும் வலிக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டுமோ?

சிடி_அறை_செல்வி
சொல்லாமல்? குளோபஸ் பெரும்பாலும் நடுவில் இருக்கும், சாப்பிடும்போது குறையும். உங்களுக்கு ஒரே பக்கம், விழுங்கினால் கூடுகிறது, காதுக்கும் போகிறது. கழுத்தைத் திருப்பினால் என்ன ஆகிறது? டான்சில் எடுத்திருக்கிறீர்களா?

மயூர்விகார்_தம்பி
கார் ரிவர்ஸ் எடுக்கும்போது தலையைத் திருப்பினால் காது வரைக்கும் சுரீர் என்கிறது. டான்சில் போன வருடம் ஊரில் எடுத்தேன். அது முக்கியமா?

கரோல்பாக்_மாமி
அடப்பாவி.

சிடி_அறை_செல்வி
சரி, உட்கார்ந்து படியுங்கள். காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஊசி மாதிரி ஒரு எலும்பு கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்டைலாய்டு என்பார்கள். சாதாரணமாக 2.5 செ.மீ. வாக்கில் இருக்கும், 3 செ.மீ.க்கு மேல் போனால் நீளம் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். சிலருக்கு அதன் நுனியில் தொடங்கும் நாரே எலும்பாக இறுகியிருக்கும். நுனி டான்சில் குழிப் பக்கம் வந்து, அங்கே ஓடும் ஒன்பதாம் மூளை நரம்பை உரசினால், அதே நரம்பின் கிளை காதுக்கும் போவதால், காதும் சேர்ந்து வலிக்கும். டான்சில் எடுத்த பிறகு அந்த இடத்தில் வரும் தழும்பும் இதைக் கிளப்பிவிடும். 1937-இல் அமெரிக்காவில் வாட் ஈகிள் என்ற ஈஎன்டி டாக்டர் விவரித்ததால் ஈகிள் சிண்ட்ரோம் என்று பெயர்.

ஆர்கேபுரம்_ரவி
கழுகுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டேன்.

மூத்த_உறுப்பினர்
சிடி எடுப்பவர்களுக்கு எல்லா வலியும் எலும்பாகத்தான் தெரியும். நூறு பேரை ஸ்கேன் செய்தால் நாலு பேருக்காவது நீளமாக இருக்கும், அதில் பெரும்பாலோருக்கு வலியே கிடையாது. நீளம் என்பதாலேயே அது நோய் ஆகிவிடாது.

சிடி_அறை_செல்வி
அதை நானும் ஒத்துக்கொள்கிறேன், அதனால்தான் ஸ்கேன் மட்டும் போதாது. டாக்டர் டான்சில் குழியில் விரலை வைத்து அழுத்தும்போது அதே வலி கிளம்ப வேண்டும், அதே இடத்தில் மரக்கும் ஊசி போட்டால் அடங்க வேண்டும். எண்டோஸ்கோபி உணவுக்குழாய்க்குள்ளே பார்ப்பது, எலும்பு வெளியே இருக்கிறது, எப்படித் தெரியும்? பல் டாக்டர் எடுக்கும் ஓபிஜி எக்ஸ்ரேயிலேயே ஓரளவு தெரிந்துவிடும், சரியாக அளக்க 3டி சிடி. தம்பி, தலையைத் திருப்பினால் கிறுகிறுப்போ மயக்கமோ வந்தால் உடனே போங்கள், எலும்பு மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அழுத்தலாம்.

நெய்மீன்_நேசன்
டான்சில் எடுக்கச் சொன்னதே தப்பு. அந்தக் காலத்தில் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தே சமாளித்தோம்.

கரோல்பாக்_மாமி
அந்தக் காலத்தில் என் அண்ணனுக்கு மாதா மாதம் 103 டிகிரி காய்ச்சல். கொப்பளித்துக்கொண்டேதான் இருந்தான். எடுத்த பிறகுதான் பிழைத்தான்.

நெய்மீன்_நேசன்
அது நல்ல கல் உப்பாக இருந்திருக்காது.

மட்டுறுத்துநர்
கல் உப்பு, ஹில்சா இரண்டுக்கும் தனி இழை திறந்துகொள்ளவும்.

மயூர்விகார்_தம்பி
வேறொரு ஈஎன்டியிடம் போய் வந்தேன். கையுறை போட்ட விரலை உள்ளே விட்டு இடது பக்கம் அழுத்தினாரோ இல்லையோ, நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். பென்சில் முனை மாதிரி கையில் தட்டுகிறது என்றார். ஊசி போட்டதும் சுமார் அரைமணி நேரம் எச்சில் விழுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், குத்தவே இல்லை. சிடியில் இடது 4.1 செ.மீ., வலது 2.7. இப்போதைக்கு நரம்பு வலிக்கு காபாபென்டின், கேட்காவிட்டால் ஆபரேஷன். மாத்திரை போட்டால் தூக்கம் தூக்கமாக வருகிறது. அப்புறம் எழுதுகிறேன். செல்வி அக்காவுக்கு நன்றி.

கரோல்பாக்_மாமி
ஆபரேஷன் என்றால் வாய் வழியாகவா, கழுத்தில் கீறியா?

சிடி_அறை_செல்வி
இரண்டும் உண்டு மாமி. வாய் வழி என்றால் வெளியே தழும்பு இருக்காது, ஆனால் உள்ளே பார்க்கிற இடம் குறுகல். கழுத்து வழியில் ரத்தக்குழாயும் நரம்பும் தெளிவாகத் தெரியும், தழும்பு விழும். செய்கிறவர் கை எதில் பழகியிருக்கிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

மூத்த_உறுப்பினர்
நீளம் என்பதாலேயே நோய் ஆகிவிடாது என்று நான் சொன்னதில் மாற்றமில்லை.

ஆர்கேபுரம்_ரவி
மூன்று மாதம் ஆச்சே, தம்பி இருக்கிறீர்களா? வெட்டியாச்சா? எனக்கும் ஒரு வாரமாக வலது பக்கம் மட்டும் குத்துகிறது, காற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.